முரண்பாட்டைக் கவனித்தவர்கள்: கணினிக் கோளாறு அறியும் கலையின் வரலாறு

மடிக்கணினி காரணமின்றி மந்தமாவதும், யாரும் கேட்காத விளம்பரங்கள் திரையில் முளைப்பதும், எந்த வேலையும் நடக்காத நேரத்தில் அதன் விசிறி இரைந்துகொண்டே இருப்பதும் இன்று வீடுதோறும் தெரிந்த தொல்லைகள். இவை வன்பொருளின் பழுதா, மென்பொருளின் பிழையா, அல்லது வெளியாள் உள்ளே நுழைந்ததன் தடயமா என்று பிரித்தறியும் வேலை ஒரு தனிக் கலையாக உருவெடுத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஆண்டில் எந்த வைரஸ் எத்தனை கணினிகளைத் தாக்கியது என்ற பட்டியலாகவே அதன் வரலாறு பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. தாக்கியவர்களை விட்டுவிட்டுக் கண்டுபிடித்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வரலாற்றின் மையமாக இரண்டு பழக்கங்கள் தெரிகின்றன. இயல்பு நிலை எது என்பதைத் துல்லியமாக அறிந்து, அதிலிருந்து ஏற்படும் மிகச் சிறிய விலகலையும் விடாமல் விசாரிப்பது ஒன்று; ஐயத்துக்குள்ளான கணினி தன்னைப் பற்றித் தானே தரும் தகவலை அப்படியே ஏற்காமல், அதற்கு வெளியே நின்று சோதிப்பது மற்றொன்று. பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இவ்விரண்டில் ஒன்றிலிருந்தே பிறந்துள்ளன.

கோட்பாட்டின் அடித்தளம்

தன்னைத் தானே நகலெடுத்துப் பெருகும் இயந்திரம் தருக்க அளவில் சாத்தியமே என்பதைக் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1940களின் இறுதியில் ஆற்றிய உரைகளில் விளக்கினார். அவர் மறைந்த பின், 1966இல், ஆர்தர் பர்க்ஸ் அவ்வுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் 'கிரீப்பர்' என்ற நிரலை 1971இல் பிபிஎன் நிறுவனத்தின் பாப் தாமஸ் எழுதினார். அதைத் தேடி அழிக்க 'ரீப்பர்' என்ற மற்றொரு நிரல் எழுதப்பட்டது. இவ்விரண்டும் சோதனைகளே, தீங்கு செய்யும் நோக்கம் அவற்றுக்கு இல்லை.

தீங்கின் எல்லையைக் கோட்பாட்டளவில் வரையறுத்தவர் ஃபிரெட் கோஹன். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அவர், பிற நிரல்களுக்குள் தன்னை ஒட்டிக்கொண்டு பரவும் நிரல் ஒன்றை 1983 நவம்பரில் இயக்கிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடல்மன். கோஹனின் ஆய்வில் நிலைத்த மதிப்புடையது வேறொரு முடிவு. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று ஒருமுறைகூடத் தவறாமல் தீர்ப்புச் சொல்லக்கூடிய பொதுவான சோதனை நிரல் ஒன்றை எழுதவே முடியாது என்பதை அவர் கணித முறையில் நிறுவினார். வைரஸ் தடுப்பு மென்பொருள் என்ற தொழில் பிறப்பதற்கு முன்பே, அது ஒருநாளும் முழுமை பெற முடியாது என்பது தெரிந்திருந்தது.

அதே காலத்தில், யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டியூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரை 1984 ஆகஸ்டில் அச்சில் வந்தது. மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நிறைவேற்றக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் கருவிக்குத் தொகுப்பி என்று பெயர். அந்தத் தொகுப்பியையே ஒருவர் கெடுத்துவிட்டால், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலின் மூலநிரலில் ஒரு குறையும் இல்லாதபோதும், அதிலிருந்து உருவாகும் இயங்குநிரலில் கள்ளவழி ஒன்று இருக்கும்; தொகுப்பியின் அடுத்த பதிப்பைத் தூய மூலநிரலிலிருந்து உருவாக்கினாலும் அந்தக் கேடு அதற்குள்ளும் தொடரும் என்று தாம்சன் விளக்கினார். ஒரு கணினியைச் சோதிக்கப் பயன்படுத்தும் கருவியையும் சோதிக்க வேண்டியுள்ளது என்ற சிக்கல் அன்று முதல் இக்கலையின் மையத்தில் இருக்கிறது.

லாகூரிலிருந்து வந்த பாடம்

இந்தச் சிக்கலை நடைமுறையில் முதன்முதலாகப் பெருமளவில் காட்டியது, 1986இல் லாகூரில் பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரைன்'. ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளில் பரவிய முதல் வைரஸாக இது கருதப்படுகிறது. தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவர்களைக் கண்டறியவே இதை எழுதியதாக அவர்கள் பின்னர் விளக்கினர். தங்கள் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களையும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தனர்.

பிரைன் செயல்பட்ட விதத்தை நுணுகிப் பார்ப்பது பயன் தரும். 360 கிலோபைட் கொள்ளளவுள்ள 5.25 அங்குல நெகிழ்வட்டில், அதாவது அக்காலத்து ஃபிளாப்பியில், முதல் துண்டத்திற்குத் தொடக்கத் துண்டம் என்று பெயர். கணினியை இயக்கியதும் முதலில் படிக்கப்படுவது அதுவே. பிரைன் அந்த இடத்தில் தன்னை எழுதிக்கொண்டு, அங்கிருந்த அசல் துண்டத்தை வட்டின் வேறோர் இடத்தில் பதுக்கி வைத்து, அவ்விடத்தைப் பழுதான பகுதி என்று குறித்துவிடும். பழுதான பகுதியில் வேறு எதுவும் எழுதப்படாது என்பதால் பதுக்கியது பத்திரமாக இருக்கும். பின்னர் யாரேனும் ஐயப்பட்டுத் தொடக்கத் துண்டத்தைப் படித்துப் பார்த்தால், நினைவகத்தில் குடியேறியிருக்கும் பிரைன் அந்த வேண்டுகோளை இடைமறித்து, பதுக்கி வைத்த அசலை எடுத்துக் காட்டும். சோதித்தவர் கண்ணுக்கு வட்டு தூய்மையாகவே தெரியும்.

எனினும் தடயங்கள் இருந்தன. வட்டின் பெயர் மாறியிருந்தது. புதிய வட்டில் சில கிலோபைட் பழுது என்று குறிக்கப்பட்டிருந்தது. ஃபிளாப்பியைப் படிக்கும் வேகம் குறைந்திருந்தது. இவற்றைக் கவனித்தவர்கள் உண்மையை அறிய ஒரே ஒரு வழியே இருந்தது. கணினியை முற்றிலும் நிறுத்தி நினைவகத்தைத் துடைத்த பின், ஓரத்து வெட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி எழுதவியலாதபடி செய்யப்பட்ட டாஸ் இயங்குதளம் உள்ள தூய ஃபிளாப்பியைக் கொண்டு அதை மீண்டும் தொடங்கி, அதன் பிறகே ஐயத்துக்குரிய வட்டைப் படிக்க வேண்டும். இந்த நடைமுறை இன்றும் மாறவில்லை. விண்டோஸ் கணினிகளில் உள்ள 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனை, வழக்கமான விண்டோஸை இயக்காமல் தனியான மீட்புச் சூழலில் தொடங்கி வட்டைச் சோதிக்கிறது. கருவி மாறியபோதும், அதன் அடிப்படை 1986இல் ஒட்டுத்தாள் ஒட்டிய ஃபிளாப்பியின் அடிப்படையே.

கோப்பின் அளவும் விழும் எழுத்துகளும்

1987இன் பிற்பகுதியில் ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் வேறு வகையான முரண்பாடு ஒன்று கவனத்துக்கு வந்தது. இயங்குநிரல் கோப்புகள் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே வந்தன. பின்னர் 'ஜெருசலேம்' என்று பெயர் பெற்ற இந்த வைரஸ், 'எக்ஸி' வகைக் கோப்பை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஏறத்தாழ 1808 பைட் அளவுக்கு அதைப் பெருக்கியது. ஏற்கெனவே தொற்றியிருக்கிறோமா என்று சரிபார்க்கும் பகுதி அவ்வகைக் கோப்புகளில் சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே ஒரே கோப்பில் மீண்டும் மீண்டும் தொற்றி, இறுதியில் நினைவகத்தில் அடங்காத அளவுக்கு அதை ஊதச் செய்தது. கணினியில் குடியேறிய அரைமணி நேரத்திற்குப் பின் அது முழுக் கணினியையும் மந்தமாக்கியது. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால், இயக்கப்படும் நிரல்களை அழித்துவிடும்படி எழுதப்பட்டிருந்தது. 1988இல் அத்தகைய முதல் நாள் மே 13. கோப்பு வளர்வதை முன்கூட்டியே கவனித்தவர்கள் இருந்ததால், அந்த நாளுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்தது. கோப்பின் இயல்பான அளவு எவ்வளவு என்று தெரிந்திராதவருக்கு இந்தத் தடயம் கண்ணில் பட்டிருக்காது.

அதே காலத்தைச் சேர்ந்த 'கேஸ்கேட்' வைரஸோ தன்னைத் திரையிலேயே காட்டிக்கொண்டது. திரையில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்து அடியில் குவித்தது. 1989இல் தம் பணியிடக் கணினியில் இக்காட்சியைக் கண்ட இளம் பொறியாளர் யூஜின் காஸ்பர்ஸ்கி, அந்த நிரலைப் பிரித்து ஆராய்ந்து நீக்கும் வழியைக் கண்டதிலிருந்தே இத்துறைக்கு வந்தார். அமெரிக்காவில் ஜான் மெக்கஃபி 1987இல் தொடங்கிய நிறுவனமும், பிரிட்டனில் ஆலன் சாலமன், ஐஸ்லாந்தில் ஃபிரித்ரிக் ஸ்கூலசன் போன்றோர் எழுதிய மென்பொருள்களும் இதே காலத்தவை. ஒவ்வொரு வைரஸின் உடலிலும் வேறு எங்கும் காணப்படாத பைட் வரிசை ஒன்றைத் தேர்ந்து, அதைக் கைரேகைபோல் பதிவு செய்து, எல்லாக் கோப்புகளிலும் தேடுவதே அவர்களின் அடிப்படை முறை. தம் வடிவத்தை ஒவ்வொரு தொற்றிலும் மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் 1990 முதல் வரத் தொடங்கியதும் இம்முறை போதாமல் போயிற்று. ஐயத்துக்குரிய நிரலை மென்பொருளால் ஆன போலிக் கணினி ஒன்றுக்குள் ஓடவிட்டு, அது தன் வேடத்தைக் கலைக்கும்வரை காத்திருந்து பிடிக்கும் முறை அப்போது உருவானது.

இந்தியாவில் இத்தொழில், பழுது பார்க்கும் கடைகளை ஒட்டியே வளர்ந்தது. கணினிப் பயிற்சி மையங்கள், டிடிபி கடைகள், கல்லூரி ஆய்வகங்கள் என்று ஃபிளாப்பிகள் கைமாறிய இடங்களிலெல்லாம் வைரஸும் கூடவே சென்றது. புனேயில் கால்குலேட்டர், வானொலிப் பெட்டி முதலியவற்றைப் பழுது பார்த்துவந்த கைலாஷ் கட்கர், தம்மிடம் வரும் கணினிகளில் வைரஸ் தொல்லை மிகுந்ததைக் கண்டார். அவருடைய தம்பி சஞ்சய் கட்கர் எழுதிய நீக்குநிரல்களிலிருந்து 1990களின் நடுவில் 'குவிக் ஹீல்' பிறந்தது. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1990களின் தொடக்கத்தில் நிறுவிய 'கே7 கம்ப்யூட்டிங்' உருவாக்கிய மென்பொருள் பின்னாளில் ஜப்பானியச் சந்தையிலும் பரவலாக விற்பனையானது.

எழுபத்தைந்து சென்ட்

தனிக்கணினிக்கு வெளியே, பெரிய ஆய்வகக் கணினிகளின் உலகில், இக்கலையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நிகழ்ந்தது. வானியலாளராக இருந்து கணினி மேலாண்மைக்கு மாற்றப்பட்ட கிளிஃபோர்ட் ஸ்டோலிடம், கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கில் 75 சென்ட் துண்டு விழுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அது சில நொடிக் கணினி நேரத்தின் விலை மட்டுமே. தோராயப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அத்தொகையை அவர் தொடர்ந்து ஆராய்ந்தபோது, கட்டணச்சீட்டு அனுப்ப முகவரியே இல்லாத புதிய பயனர் ஒருவர் உருவாக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

அதன் பின் ஸ்டோல் செய்ததுதான் முறையியல் அளவில் முக்கியமானது. நுழைந்தவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்ததால், அதற்குள் வைக்கப்படும் எந்தக் கண்காணிப்பு நிரலையும் அவரால் கண்டுபிடித்து முடக்கிவிட முடியும். ஆகவே ஒரு வார இறுதியில், ஆய்வகத்திலிருந்து திரட்டிய அச்சுப்பொறிகளையும் முனையங்களையும், வெளியிலிருந்து கணினிக்கு வரும் ஏறத்தாழ ஐம்பது தொலைபேசித் தடங்களில் நேரடியாக இணைத்தார். நுழைந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் பதிந்தது. கணினிக்கோ அப்படி ஒரு பதிவு நடப்பதே தெரியாது. மாதக்கணக்கில் நீண்ட அத்தேடல் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் சென்று முடிந்தது. அமெரிக்க இராணுவக் கணினிகளிலிருந்து எடுத்த தகவல்களை அவரும் கூட்டாளிகளும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்றது வெளிப்பட்டு, 1990இல் அவர்கள் தண்டனை பெற்றனர்.

இதற்கிடையில், 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு அன்றைய இணையத்தின் ஒரு பகுதியை முடக்கியது. மனிதர் யாரும் இயக்காமலே வலையமைப்பு வழியாகத் தானே பரவும் நிரலுக்குப் புழு என்று பெயர். ஒரு கணினியில் ஏற்கெனவே இருக்கிறோமா என்று அது கேட்டுப் பார்க்கும். ஆம் என்ற பதில் வந்தாலும், ஏழில் ஒரு முறை அதைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும். பொய்யான பதிலால் விரட்டப்படாதிருக்கச் செய்த இந்த ஏற்பாடே ஒவ்வொரு கணினியிலும் பல பிரதிகளைக் குவித்து அதைத் திணறடித்தது. அந்த மந்தமே புழுவைக் காட்டிக்கொடுத்தது. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 6000 கணினிகள் என்ற மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்நிகழ்வைத் தொடர்ந்து அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசர உதவிக் குழு அமைக்கப்பட்டது. இந்தியாவில் அதையொத்த 'செர்ட்-இன்' அமைப்பு 2004இல் செயல்படத் தொடங்கியது.

அறுபது நொடி எச்சரிக்கை

இணைய இணைப்பு வீட்டுக்கு வந்த பின் கணினியின் விசித்திர நடத்தை பொதுமக்களின் அனுபவமாயிற்று. 2003 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பலவற்றில், அறுபது நொடியில் கணினி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு தோன்றி, எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கணினி அணைந்து மீண்டும் தொடங்கியது. இணையத்தில் இணைந்ததும் அதே கதை திரும்பியது. காரணம் 'பிளாஸ்டர்' என்ற புழு. தொலைவிலிருந்து வரும் கட்டளைகளை ஏற்கும் ஆர்பிசி என்ற விண்டோஸ் சேவையிலிருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. எதிரே இருப்பது விண்டோஸ் எக்ஸ்பியா, விண்டோஸ் 2000ஆ என்று அதற்குத் தெரியாததால், இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து தாக்கும். தேர்வு தவறினால் அச்சேவை செயலிழக்க, அது இல்லாமல் இயங்க முடியாத விண்டோஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். பயனர் கண்ட அந்த அறிவிப்பு பல கணினிகளில் குறி தவறிய தாக்குதலின் விளைவு. குறி தப்பாத தாக்குதல் முதலில் எந்தச் சத்தமும் இன்றியே நடந்து முடிந்தது.

இதில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. வெளியே தெரியும் தொல்லையின் அளவும் உள்ளே நேர்ந்த கேட்டின் அளவும் ஒன்றல்ல என்பது முதலாவது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே, ஜூலை நடுவில், வெளியிட்டிருந்தும் பெரும்பாலோர் நிறுவவில்லை என்பது இரண்டாவது. அதே ஆண்டு அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடும் வழக்கம் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பில், வெளியிலிருந்து அழைப்பின்றி வரும் இணைப்புகளைத் தடுக்கும் தீயரண் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. பயனரின் விழிப்பை மட்டும் நம்பியிராமல், கணினி கடையிலிருந்து வரும்போதே காப்புடன் வர வேண்டும் என்ற கொள்கை மாற்றம் இது.

கணினியைத் திறந்து காட்டிய கருவிகள்

மந்தமான கணினியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, விண்டோஸில் 1996 முதல் 'டாஸ்க் மேனேஜர்' உண்டு. ஆயினும் இத்தொழிலுக்குக் கண் கொடுத்தவை, மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996 முதல் இலவசமாக வெளியிட்ட 'சிஸ்இன்டர்னல்ஸ்' கருவிகள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த நிரல் வேறெந்த நிரலால் தொடங்கப்பட்டது, கணினி தொடங்கும்போது தாமாகவே இயங்கும் நிரல்கள் எங்கெங்கே பதிந்து கிடக்கின்றன என்பனவற்றை அவை வரிவரியாகக் காட்டின. தாமாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் 'ஆட்டோரன்ஸ்' கருவியைக் கண்டால், ஒரு நிரல் தன்னைத் தொடக்கிக்கொள்ள விண்டோஸில் எத்தனை மூலைகள் உள்ளன என்பது தெரியும். ஐயமுற்ற ஒருவர் எங்கே தேட வேண்டும் என்ற அறிவு, சில வல்லுநர்களின் கையிலிருந்து பொதுச் சொத்தாக மாறியது இப்படித்தான்.

மறைந்திருப்பவற்றைக் கண்டறியும் கருவி ஒன்றை 2005இல் தம் கணினியிலேயே சோதித்தபோது, தாம் நிறுவாத கோப்புகள் அதில் ஒளிந்திருப்பதை ருசினோவிச் கண்டார். கோப்புகளின் பட்டியலை விண்டோஸிடம் கேட்டு ஒரு முறையும், வட்டின் அமைப்பை நேரடியாகப் படித்து மறுமுறையும் பெற்று, இரண்டையும் ஒப்பிடுவது அக்கருவியின் முறை. ஒன்றில் இருந்தும் மற்றொன்றில் இல்லாதது, யாரோ மறைப்பது. பிரைன் விட்டுச்சென்ற பாடமே இங்கு மென்பொருளாக வடிவெடுத்தது. தேடிப் பார்த்தபோது, அவர் வாங்கிய சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைக் குறுவட்டு ஒன்றிலிருந்த நகல்தடுப்பு மென்பொருளே அக்கோப்புகளை நிறுவியது என்று தெரிந்தது. இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள் அமர்ந்து, குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எதையும் அது கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. அதை நீக்க முயன்றால் குறுவட்டு இயக்கியே கணினியிலிருந்து காணாமல் போனது. அக்டோபர் 31 அன்று இந்த ஆய்வு வெளியான சில வாரங்களுக்குள், வேறு தீநிரல்களும் அதே எழுத்துகளில் தமக்குப் பெயரிட்டுக்கொண்டு அதன் மறைவில் ஒளியத் தொடங்கின. நிறுவனம் அக்குறுவட்டுகளைத் திரும்பப் பெற்றது. கணினிக்கு உரியவரிடமிருந்தே கணினியை மறைக்கும் செயலைச் சட்டபூர்வமான நிறுவனமும் செய்யக்கூடும் என்பது அதன் பின் வாதத்துக்கு இடமில்லாத உண்மையாயிற்று.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அத்தகைய மறைப்பு மடிக்கணினியிலும் நிகழ்ந்தது. 2014இன் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் தொழிற்சாலையிலேயே நிறுவப்பட்டிருந்தது. இணையதளம் ஒன்று தான் சொல்லும் தளமே என்பதற்குச் சான்றளிக்கும் மின்சான்றிதழை நம்பித்தான் உலாவி பூட்டுக் குறியைக் காட்டுகிறது. சூப்பர்ஃபிஷ் தனக்குத் தானே மூலச்சான்று வழங்கிக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் போலிச் சான்றிதழ் தயாரித்து, மறையாக்கப்பட்ட பக்கங்களுக்குள்ளும் விளம்பரங்களைச் செருகியது. பூட்டுக் குறி மாறவில்லை. அதை அழுத்தி, சான்றிதழ் வழங்கியவர் யார் என்று படித்தவர்களுக்கே வங்கித் தளத்தின் பக்கத்தில் சூப்பர்ஃபிஷின் பெயர் தெரிந்தது. எல்லா மடிக்கணினிகளிலும் ஒரே இரகசியச் சாவி இருந்ததாலும், அதன் கடவுச்சொல்லைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் 2015 பிப்ரவரியில் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாலும், பொது வைஃபையில் அமர்ந்திருக்கும் எவரும் அக்கணினிகளை ஏமாற்றும் நிலை உண்டானது. லெனோவோ அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. அமெரிக்க வணிக ஆணையத்துடனான வழக்கு 2017இல் உடன்பாட்டில் முடிந்தது.

சூப்பர்ஃபிஷுக்குச் சில ஆண்டுகள் முன்பு, பெலருஸ் நாட்டின் மின்ஸ்க் நகரிலிருந்த 'வைரஸ்பிளாக்அடா' என்ற சிறு நிறுவனம் 2010 ஜூனில் எதிர்கொண்டது முற்றிலும் வழக்கமான புகார். ஈரானில் உள்ள வாடிக்கையாளரின் கணினி மீண்டும் மீண்டும் அணைந்து தொடங்குகிறது என்பதே அது. விண்டோஸ் நிறுவலின் குறை என்றோ நிரல்களின் மோதல் என்றோ முடிவு கட்டியிருக்கலாம். செர்கேய் உலாசெனும் அவருடைய குழுவினரும் அப்படி விடாமல் ஆராய்ந்ததில், பென்டிரைவில் உள்ள கோப்புறையைத் திறந்து பார்த்தாலே தொற்றக்கூடியதும், புகழ்பெற்ற வன்பொருள் நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட மின்கையொப்பங்களைத் தாங்கியதுமான ஒரு நிரல் கிடைத்தது. 'ஸ்டக்ஸ்நெட்' என்று பெயர் பெற்ற அது, ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தின் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுக்க எழுதப்பட்டது என்பது பின்னர் தெளிவாயிற்று.

அச்சத்தின் வணிகம்

சிறு முரண்பாட்டைக் கவனிக்கும் பழக்கத்துக்கு நேர் எதிரானது, முரண்பாடு எதுவும் இல்லாதபோதே அச்சத்தை ஊட்டும் வணிகம். வட்டின் தொடக்கப் பகுதிகளை மார்ச் 6 அன்று அழிக்கும் 'மைக்கலாஞ்சலோ' வைரஸ் 1992இல் ஐம்பது இலட்சம் கணினிகள்வரை தாக்கக்கூடும் என்ற கணிப்பு செய்தித்தாள்களில் பரவியது. தடுப்பு மென்பொருள்கள் விற்றுத் தீர்ந்தன. உண்மையில் பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில் மட்டுமே என்று மதிப்பிடப்பட்டது.

இந்த அச்சமே பின்னாளில் நேரடி மோசடியாக உருமாறியது. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணினியில் வைரஸ் இருப்பதாகத் தொலைபேசியில் மிரட்டும் கும்பல்கள் 2008 வாக்கிலிருந்து பெருகின. கொல்கத்தா முதலான இந்திய நகரங்களின் அழைப்பு மையங்கள் சிலவும் இதில் பிடிபட்டுள்ளன. அவர்கள் காட்டும் சான்றுகள் இத்துறையின் கருவிகளே என்பதுதான் வேதனைக்குரியது. விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பகுதியைத் திறக்கச் சொல்லி, நலமான கணினியிலும் நாள்தோறும் பதிவாகும் சிவப்பு, மஞ்சள் குறிப்புகளைத் தொற்றின் அடையாளம் என்பர். 'அசோக்' என்ற கட்டளையைத் தட்டச் சொல்லி, அது காட்டும் நீண்ட எண்ணெழுத்து வரிசை ஒன்று அந்தக் கணினிக்கு மட்டுமே உரிய உரிம எண் என்றும், அது தங்களிடம் ஏற்கெனவே உள்ளது என்றும் படித்துக் காட்டுவர். அவ்வரிசை எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றேதான். இயல்பு நிலை எப்படியிருக்கும் என்று அறியாதவரிடம் இயல்பையே நோயாகக் காட்டிப் பணம் பறிப்பது இம்மோசடியின் ஆணிவேர். அமெரிக்க வணிக ஆணையம் 2012 அக்டோபரில் இத்தகைய ஆறு கும்பல்கள்மீது ஒரே நேரத்தில் நடவடிக்கை எடுத்தது. மோசடி இன்றும் ஓயவில்லை.

அரை நொடித் தாமதம்

2024 மார்ச் மாதம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவரும் மைக்ரோசாஃப்டின் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தம் வேகச் சோதனைகளுக்காக லினக்ஸ் கணினி ஒன்றை அமைதிப்படுத்தும் வேளையில், தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சேவை எதிர்பாராத அளவுக்குச் செயலியின் நேரத்தை விழுங்குவதைக் கண்டார். முன்பு 0.3 நொடியில் முடிந்த நுழைவு முயற்சிக்கு இப்போது 0.8 நொடி ஆயிற்று. அந்த அரை நொடியைத் தொடர்ந்து சென்றபோது, கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற திறமூல நிரல்தொகுப்பின் புதிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று செருகப்பட்டிருப்பது தெரிந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொகுப்புக்கு நல்ல பங்களிப்புகளைச் செய்து, பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்ற பிறகே அதைச் செருகியிருந்தார். பொது நிரல்களஞ்சியத்திலிருந்த மூலநிரலைப் படித்தவர்க்கும் முழு உண்மை தெரிந்திருக்காது; கள்ளவழியைச் செயல்படுத்தும் பகுதி, விநியோகத்துக்காகக் கட்டப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தது. தாம்சன் 1984இல் எச்சரித்தது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ அதே வடிவில் வந்து நின்றது. ஃபிராய்ண்ட் மார்ச் 29 அன்று அதை வெளியிட்டபோது, அப்பதிப்புகள் பெரும்பாலான நிலையான லினக்ஸ் வெளியீடுகளைச் சென்றடைந்திருக்கவில்லை.

இந்நிகழ்வுகளில் எவையும் தடுப்பு மென்பொருளின் மணியோசையால் தொடங்கவில்லை. தம் கணினியின் இயல்பை அறிந்திருந்த மனிதர்கள், கணக்கில் துண்டு, கோப்பின் பெருக்கம், காரணமற்ற மறுதொடக்கம், சான்றிதழில் அந்நியப் பெயர், நுழைவில் தாமதம் ஆகியவற்றைக் கண்டு, காரணம் விளங்கும்வரை விடாமல் சென்றதால் தொடங்கின. முழுமையான சோதனை நிரல் சாத்தியமில்லை என்று கோஹன் நிறுவியது உண்மையாக இருக்கும்வரை, அந்தக் கவனத்துக்கு மாற்று வரப்போவதில்லை. இன்றைய மடிக்கணினிகளில் இயங்குதளம் தொடங்கும் முன்பே அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடும், அதன் நிலையைத் தனிச்சில்லு ஒன்றில் பதிந்து வைக்கும் ஏற்பாடும் உள்ளன. கணினியின் சொந்த வாக்குமூலத்தை மட்டும் நம்பலாகாது என்ற பழைய பாடம் வன்பொருளுக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டதன் அடையாளங்கள் அவை.

ஆனால் இயல்பை அறியும் கல்வி அந்த வேகத்தில் பரவவில்லை. நலமாக உள்ளபோது கணினியில் எந்தெந்த நிரல்கள் இயங்குகின்றன, எவை தாமாகத் தொடங்குகின்றன, சான்றிதழை எங்கே படிப்பது, திருத்தங்கள் கடைசியாக எப்போது நிறுவப்பட்டன, முக்கியக் கோப்புகளின் பிரதி கணினிக்கு வெளியே உள்ளதா என்பன ஒரு மணி நேரத்தில் கற்பிக்கக்கூடியவை. பள்ளியிலும் நூலகத்திலும் தாய்மொழியில் அவை கற்பிக்கப்படுமானால், பயனர் தம் கணினியின் மந்தத்துக்கு நிறைந்துபோன வன்தட்டு காரணமா, தீநிரல் காரணமா என்று தாமே ஓரளவு பிரித்தறிவார். தொலைபேசியில் மிரட்டுபவரின் பேச்சு அவரிடம் எடுபடாது. நாற்பது ஆண்டுகளாக ஆய்வகங்களிலும் பழுது பார்க்கும் கடைகளிலும் சேர்ந்த அறிவை, கணினி வாங்கும் ஒவ்வொருவருக்கும் உரியதாக்குவதே இவ்வரலாறு இன்று முன்வைக்கும் பொதுப்பணி.